பணக்காரர் பட்டியலும் ஆற்காட்டு நவாபின் கடனும்

அரக்கோணத்தில் டயர் தொழிற்சாலை வைத்திருக்கும் எம்ஆர்எஃப் நிறுவனத்தின் பங்கு, 2023 ஜூனில் 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஒரு பங்கே லட்ச ரூபாய் என்றால் அதன் முதலாளிகள்தான் நாட்டின் பெரிய பணக்காரர்களோ என்று தோன்றும். இல்லை. அந்த நிறுவனத்தின் மொத்தப் பங்குகளே சுமார் 42.41 லட்சம்தான். பெருக்கினால் நிறுவனத்தின் சந்தை மதிப்பு 42,410 கோடி ரூபாய் வருகிறது. அதில் நிறுவனத்தை நடத்தும் தரப்பான புரமோட்டர்களின் பங்கு ஏறத்தாழ 28 சதவீதம், அதாவது 12 ஆயிரம் கோடிக்குச் சற்றுக் குறைவு. அதுவும் ஒருவர் கையில் இல்லை. குடும்பத்தினர் பலர் பெயரிலும் சில முதலீட்டு நிறுவனங்களின் பெயரிலும் பிரிந்து கிடக்கிறது.

உலகப் பணக்காரர் பட்டியல் போடும் ஃபோர்ப்ஸ், புளூம்பெர்க், ஹுருன் மூன்றும் தொடங்குவது இந்தப் பெருக்கல் கணக்கில்தான். தேவையான எண்கள் எதுவும் ரகசியமல்ல. பங்குச் சந்தையில் இருக்கும் ஒவ்வொரு இந்திய நிறுவனமும் காலாண்டு முடிந்த 21 நாட்களுக்குள், யாரிடம் எத்தனை பங்கு இருக்கிறது, அதில் எத்தனை அடகில் இருக்கிறது என்று சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும். தேசியப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து எந்த நாள் விலை என்ற கேள்வி. ஃபோர்ப்ஸ் ஆண்டுப் பட்டியலுக்கு ஒரே ஒரு நாளைப் பிடித்துக்கொள்கிறது. 2025 பட்டியலுக்கு அது மார்ச் 7. அன்றைய பங்கு விலையையும் நாணய மாற்று விகிதத்தையும் வைத்து 3,028 பேரை டாலர் பில்லியனர்கள் என்றார்கள். புளூம்பெர்க் 2012 முதல், நியூயார்க் சந்தை மூடும் ஒவ்வொரு நாளும் கணக்கை மாற்றுகிறது. இரண்டு பட்டியலிலும் ஒரே ஆள் வேறு வேறு இடத்தில் நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். டாலர் இன்னொரு காரணம். 8,000 கோடி ரூபாய் சொத்துள்ளவர், டாலர் 80 ரூபாயாக இருக்கும்போது சரியாக 1 பில்லியனில் நிற்பார். டாலர் 90 ரூபாயானால் அவர் 0.89 பில்லியன். ஒரு செங்கல்கூட விற்காமல் பட்டியலை விட்டு வெளியே வந்துவிடுவார்.

இதுவரை வந்தது சுலபமான பகுதி. பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனம் வந்தால்தான் மதிப்பீட்டாளர் திணறுவார். ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் பதனிட்டு, ஆம்பூரில் ஷூ தைத்து ஏற்றுமதி செய்யும் தனியார் நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஆண்டு விற்றுமுதல் 800 கோடி. வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் லாபம் 12 சதவீதம், அதாவது 96 கோடி. இந்த நிறுவனத்துக்குச் சந்தை விலை கிடையாது. ஆகவே சந்தையில் இருக்கும் ஒத்த காலணி நிறுவனங்கள் தங்கள் லாபத்தைப் போல எத்தனை மடங்கு விலைக்குக் கைமாறுகின்றன என்று பார்ப்பார்கள். 10 மடங்கு என்றால் மொத்த மதிப்பு 960 கோடி. ஏற்றுமதிக்கு வாங்கிய பேக்கிங் கிரெடிட் என்ற வங்கிக் கடன், இயந்திரக் கடன் எல்லாம் சேர்த்து, கையிருப்புப் பணம் போக நிகரக் கடன் 240 கோடி என்று வைத்தால், மிச்சம் 720 கோடி. நிறுவனத்தில் நம் முதலாளிக்கு 60 சதவீதம், மீதி அவர் தம்பிக்கு. ஆக 432 கோடி. தனியார் பங்கை நினைத்த நேரத்தில் விற்க முடியாது என்பதால் அதற்கு ஒரு தள்ளுபடி உண்டு. 10 சதவீதம் கழித்தால் 389 கோடி.

இப்போது மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, மடங்கை மட்டும் 14 ஆக்கிப் பாருங்கள். 1,344 கோடியில் 240 போக 1,104. அவர் பங்கு 662. தள்ளுபடி போக 596 கோடி. மடங்கு ஏறியது 40 சதவீதம், ஆளின் சொத்து ஏறியது 53 சதவீதம். 7 ஆக இறக்கினால் 233 கோடிதான்; மடங்கு 30 சதவீதம் குறைய, சொத்து 40 சதவீதம் குறைகிறது. கடன் அசையாமல் அப்படியே நிற்பதால், ஏற்றமும் இறக்கமும் முழுக்க முதலாளியின் தலையில் விழுகின்றன. 10 சரியா 14 சரியா என்பதற்குச் சூத்திரம் இல்லை. சொந்த பிராண்டு வைத்து விற்பவரோடு ஒப்பிடுவதா, வெளிநாட்டு பிராண்டுக்குத் தைத்துக் கொடுப்பவரோடு ஒப்பிடுவதா என்பது மதிப்பீட்டாளரின் முடிவு. புளூம்பெர்க் ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் எவ்வளவு நம்பலாம் என்று நட்சத்திரக் குறி போடுவது இதனால்தான். யாரும் அதைப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

விற்றுமுதலும் லாபமும் எங்கிருந்து கிடைக்கும்? தனியார் கம்பெனியானாலும் ஆண்டுதோறும் லாப நட்டக் கணக்கையும் ஐந்தொகையையும் (சொத்து, கடன் கணக்கு) கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். சிறு கட்டணம் கட்டினால் எவரும் பார்க்கலாம். ஆனால் வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் தோல் பதனிடும் எத்தனையோ டேனரிகள் கூட்டாண்மை நிறுவனங்கள். அவற்றின் ஐந்தொகை வருமான வரித் துறைக்கும் வங்கிக்கும் ஆடிட்டருக்கும் மட்டுமே தெரியும். எவ்வளவு பெரிய சொத்தானாலும் இந்த வகையில் இருந்தால் பட்டியல்காரர் கண்ணில் படாது.

கண்ணில் படுவதிலும் மங்கலாகத் தெரிவது கடன். 1749 முதல் 1795 வரை ஆற்காட்டு நவாபாக இருந்த முகம்மது அலி வாலாஜாவை எடுத்துக்கொள்வோம். கர்நாடகப் பகுதி முழுவதின் வரி வசூல், சேப்பாக்கத்தில் அரண்மனை. அன்றைக்கு யாராவது பட்டியல் போட்டிருந்தால் மேலே இருந்திருப்பார். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அதிகாரிகளிடம் தனிக்கடனாக வட்டிக்கு வாங்கி, சீமைகளின் வரி வருவாயையே ஈடாக எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கடன் விவகாரம் லண்டன் நாடாளுமன்றம் வரை போய், 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் அதைப் பற்றியே நெடிய உரை ஆற்றினார். சொத்தை ஊரே பார்த்தது. கழிக்க வேண்டிய தொகை கடன் கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

இன்றைய நவாபுகள் அடகு வைப்பது பங்குகளை. 1,000 கோடி மதிப்புள்ள பங்கை ஈடு வைத்து 500 கோடி வாங்கியவரின் உண்மைச் சொத்து, அந்தப் பணம் செலவாகிவிட்டால், 500 கோடி. பங்கு விலை பாதியானால் அவர் கையில் ஒன்றும் இல்லை. அடகைக் கழிக்காத பட்டியலோ அப்போதும் 500 கோடி என்று காட்டும். அதோடு, விலை இறங்கியதும் கடன் கொடுத்தவர் கூடுதல் ஈடு கேட்பார். கிடைக்காவிட்டால் பங்கைச் சந்தையில் விற்பார். அந்த விற்பனையே விலையை மேலும் இறக்கும். சந்தைக்குத் தெரிவிக்கப்பட்ட அடகைப் பட்டியல்காரர்கள் கழித்துவிடுகிறார்கள். தனிப்பட்ட முறையில் வாங்கிய கைமாற்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

ஐந்தொகையில் ஏறாத பாரமும் உண்டு. 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவைக் கட்ட வேண்டும் என்றது. பாலாற்றங்கரையில் தோல் கழிவால் கெட்ட நிலத்தையும் கிணற்றையும் சீராக்கும் செலவு, அதற்கு முந்தைய வருடத்து லாபக் கணக்கில் இருந்திருக்காது. 10 மடங்கு போட்ட லாபத்தில் ஒரு பங்கு, உண்மையில் பாலாறு கொடுத்த கடன்.

பட்டியல்கள் சறுக்கிய இடங்களைப் பார்த்தாலும் இந்தக் கணக்கு எங்கே உடையும் என்று தெரியும். ரத்தப் பரிசோதனை நிறுவனமான தெரனோஸின் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸின் சொத்தை 2015-ல் ஃபோர்ப்ஸ் 4.5 பில்லியன் டாலர் என்றது. கடைசி முதலீட்டாளர் கொடுத்த விலையில் நிறுவனம் 9 பில்லியன், அவருக்குப் பாதி. அடுத்த ஆண்டே நிறுவனத்தின் மதிப்பை 800 மில்லியனாகக் குறைத்தபோது அவர் சொத்து 400 மில்லியன் ஆகவில்லை, பூஜ்யமானது. முதலீட்டாளர்கள் வைத்திருந்தது முன்னுரிமைப் பங்கு. அவர்கள் போட்ட 700 மில்லியனுக்கு மேற்பட்ட பணம் திரும்பிய பிறகுதான் சாதாரணப் பங்குக்காரருக்கு எதுவும் மிஞ்சும்.

நிலமும் கட்டடமும் வந்தால் இன்னும் எளிய தவறு நடக்கும்: அளவு. நியூயார்க்கில் டொனால்டு டிரம்ப்பின் மாடி வீடு 30,000 சதுர அடி என்ற கணக்கில் பல ஆண்டு மதிப்பிடப்பட்டது. ஆவணத்தில் இருந்ததோ 10,996 சதுர அடி. சதுர அடி விலையைப் பற்றி எவ்வளவு வாதாடினாலும் பெருக்கும் எண்ணே மூன்று மடங்கு தவறு.

சேர்க்கப்படாதவையும் இருக்கின்றன. பதவியால் வந்த செல்வம் என்று அரசர்களையும் சர்வாதிகாரிகளையும் ஃபோர்ப்ஸ் விட்டுவிடுகிறது. அறக்கட்டளைக்கு எழுதிவைத்ததும் ஆளின் கணக்கில் வராது. ஸ்ரீபுரத்துப் பொற்கோயிலில் வேய்ந்த தங்கம் எந்தத் தனிமனிதர் பெயரிலும் ஏறாததைப் போல.

இந்தக் கணக்கை உள்ளூரிலேயே போட்டுப் பார்க்க வேண்டுமென்றால், காட்பாடியோ குடியாத்தமோ எந்தத் தொகுதியானாலும் வேட்பாளர் தன் சொத்து, கடன் விவரங்களை எழுதித் தாக்கல் செய்த படிவம் 26 தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும். அதில் நிலத்துக்குச் சர்வே எண், பரப்பு, வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய சந்தை மதிப்பு எல்லாம் தனித்தனியாகக் கேட்கப்படுகின்றன. சந்தை மதிப்புக்கான கட்டத்தில், பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பையே எழுதியிருக்கிறாரா என்பதைப் பதிவுத்துறை இணையதளத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடன்களுக்குத் தனி அட்டவணை. அதன் கீழே இன்னொரு வரி, வழக்கில் இருக்கும் பாக்கி எவ்வளவு, எந்த அதிகாரியிடம் நிலுவையில் இருக்கிறது என்று கேட்கிறது.