காத்திருக்கத் தெரிந்த படகு

2022 ஜூன் மாதம் ஜப்பான் கரைக்கு வந்து சேர்ந்தபோது கெனிச்சி ஹோரியேவுக்கு வயது 83. மார்ச் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனி ஆளாகப் பாய் விரித்தவர், வழியில் எங்கும் நிற்காமல் பசிபிக்கைக் கடந்திருந்தார். அந்த வயதில் அப்படிக் கடந்தவர் அவருக்கு முன் யாரும் இல்லை. எல்லோரும் அவர் வயதைப் பற்றிப் பேசினார்கள். நான் திரும்பத் திரும்பப் பார்த்தது அவர் படகைத்தான். நீளம் 19 அடி, எடை 990 கிலோ.

அதற்கு 55 ஆண்டு முன்பு, 1967-ல், 65 வயதில் உலகைத் தனியாகச் சுற்றி முடித்தார் பிரான்சிஸ் சிசெஸ்டர். அவருடைய ‘ஜிப்சி மாத் 4’ 50 அடிக்கும் மேல் நீளம். காற்று கொஞ்சம் கூடினாலே சாய்ந்துவிடுகிறது, ஒரு ஆளுக்கு மிஞ்சிய அளவு என்று கரை சேர்ந்த பிறகும் அந்தப் படகின் மேல் அவருக்கு மனத்தாங்கல் தீரவில்லை.

ஓய்வுக்குப் பிறகு பாய்மரப் படகு வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது ‘எத்தனை அடி வாங்கலாம்?’ என்றுதான். எனக்கு வேறு இரண்டு கேள்விகள் முக்கியம். அந்தப் படகிலேயே மிகக் கடினமான வேலைக்கு எவ்வளவு பலம் வேண்டும்? அதைச் செய்து முடிக்கும்வரை படகு நமக்காகக் காத்திருக்குமா?

முதலில் பலம். பாயை அழுத்தும் விசை காற்றின் வேகத்தோடு நேராக ஏறாமல், வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 20 சதுர மீட்டர் முன்பாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 18 கிலோமீட்டர் காற்றில் அதன் தாமானில், அதாவது பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றில், சுமார் 40 கிலோ இழுவை இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வெறும் கையாலேயே சமாளித்துவிடலாம். காற்று 36 கிலோமீட்டரைத் தொட்டால் இழுவை 160 கிலோ ஆகிவிடும். பாயின் பரப்பும் இரட்டிப்பானால் 320. படகு நீள நீள எடை அதைவிட வேகமாக ஏறும். ஒரே வடிவத்தில் 30 அடியிலிருந்து 40 அடிக்குப் போவது பத்தடி வித்தியாசம்போலத்தான் தெரியும். எடை இரண்டு மடங்கைத் தாண்டியிருக்கும். துறையில் அதை ஒரு காலால் தள்ளி நிறுத்தலாம் என்ற நினைப்பே வரக்கூடாது.

160 கிலோவை யாரும் கையால் இழுப்பதில்லை, அதற்குத்தான் வின்ச். உருளையில் கயிற்றை மூன்று நான்கு சுற்று சுற்றிவிட்டுக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். ‘40’ என்று எண் போட்ட வின்ச் கைவிசையை ஏறக்குறைய 40 மடங்காக்கும். உராய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால், கையில் 4 கிலோ அழுத்தம் போதும். பதிலுக்கு, கயிறு ஒரு மீட்டர் உள்ளே வரக் கை 40 மீட்டர் சுற்ற வேண்டும். கைப்பிடி சுமார் 25 செ.மீ. நீளம், ஒரு சுற்று ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல். ஆக 25 சுற்று. வேலையின் அளவு குறையவே இல்லை. விசையைக் குறைத்து நேரத்தைக் கூட்டிக்கொண்டோம்.

வயதின் கணக்கு இந்த இடத்தில்தான் சுவாரசியமாகிறது. முப்பதுகளுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. அறுபதைத் தாண்டினால் அந்த வேகம் கூடுகிறது. ஆனால் எல்லாத் தசைநார்களும் ஒன்றுபோலத் தேய்வதில்லை. சட்டென்று இழுக்க, தாவ, தடுமாறும்போது காலை ஊன்ற உதவும் வேக நார்கள்தான் அதிகம் மெலிகின்றன. நிதானமாக நெடுநேரம் உழைக்கும் மெது நார்கள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன. எழுபதில் ஒரு வெடுக்கென்ற இழுப்பு வராமல் போகலாம். 25 சுற்று நிதானமாக வரும். வின்ச் கேட்பதும் அதைத்தான். முதிய மாலுமிக்குப் பலக்குறைவைவிட அவசரம்தான் பெரிய எதிரி. அவசரப்படுத்தாத படகு எது என்று பார்ப்பதே தேர்வின் மையம் என்று நான் நினைக்கிறேன்.

சுக்கானை விட்டுவிட்டு எழுந்தாலும் திசை மாறாமல் ஓடும் படகு அந்த நேரத்தைத் தருகிறது. உலகை முதன்முதலில் தனியாகச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகம் 1897-ல் தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் தீவுகள் வரை 2,700 மைல் போனபோது, அந்த 23 நாளில் சுக்கானைப் பிடித்தது மொத்தம் மூன்று மணி நேரம்கூட இருக்காது என்று எழுதினார். அவருடைய ‘ஸ்ப்ரே’க்கு ஏரா, அதாவது அடிமரம், கிட்டத்தட்ட முழு நீளத்துக்கும் ஓடியது. நீளமான ஏரா தண்ணீரில் பக்கவாட்டாகத் திரும்ப எளிதில் இடம் கொடுக்காது. அதே குணம் துறைக்குள் நெருக்கடியில் பின்னோக்கிப் போகும்போது தொல்லையாகவும் இருக்கும். குறுகிய ஏரா சட்டென்று திரும்பும், கையை எடுத்தால் அலையும். நடுத்தர நீள ஏராவும், சுக்கானுக்கு முன்னால் அதைத் தாங்கி நிற்கும் ஒரு சிறு துடுப்பும் உள்ள படகுகளையே நான் முதலில் பார்ப்பேன்.

எந்த ஏராவானாலும் சுக்கான் பிடிக்க ஒரு துணை வேண்டும். காற்றுத் தகடு வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அத்தனை நிறைவாக இருக்கும். அமரத்தில், அதாவது படகின் பின்முனையில், மெல்லிய ஒட்டுப்பலகைத் தகடு ஒன்று காற்றுக்கு விளிம்பு காட்டி நிமிர்ந்து நிற்கும். அலை ஒன்று அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, தள்ளியதும் காற்று தகட்டின் முகத்தில் பட்டு அதைச் சாய்க்கும். அந்தச் சாய்வுக்குப் பலமே கிடையாது, ஒரு விரலால் தடுத்துவிடலாம். ஆனால் அது தண்ணீரில் தொங்கும் ஒரு துடுப்பைச் சற்றே முறுக்கிவிடுகிறது. தண்ணீரின் அடர்த்தி காற்றைப்போல 800 மடங்கு. ஓடும் நீர் அந்தத் துடுப்பைப் பக்கவாட்டில் ஓங்கித் தள்ள, அதில் கட்டிய கயிறு இறுகிச் சுக்கான் தண்டை இழுக்கும். அணியம் பழைய திசைக்கு வரும், தகடு மறுபடி நிமிரும். மின்சாரம் ஒரு துளி செலவில்லை. படகு வேகமாக ஓட ஓடக் கருவிக்குப் பலம் கூடும்.

இந்தத் துடுப்பு முறையை உருவாக்கியவர் பிளாண்டி ஹாஸ்லர். 1960-ல் நடந்த முதல் அட்லாண்டிக் தனியாள் பந்தயத்தில் அவர் 25 அடி ‘ஜெஸ்டர்’ படகில் இரண்டாவதாக வந்தார். அதில் அவர் கட்டியது சீனப் பாணிப் பாய். ஆஞ்சானை, அதாவது பாயை ஏற்றும் கயிற்றை, தளர்த்தினால் பாய் தன் எடையிலேயே மடிப்பு மடிப்பாக இறங்கும். மேல்தளத்துக்கு ஏறாமல் உள்ளே நின்றபடியே பாயைக் குறைக்கலாம். காற்றை எதிர்த்து ஏறுவதில் அது சற்றுப் பின்தங்கும். முழங்கால் வலிக்கிறவருக்கு அந்த நஷ்டம் தாங்கக்கூடியதே.

காற்றுத் தகட்டோடு மின் ஆட்டோபைலட் ஒன்றும் இருக்கட்டும். காற்றில்லாமல் எஞ்சினில் போகும்போது தகடு உதவாது. சிசெஸ்டருக்கு சிட்னி சேரும் முன்பே தகட்டுக் கருவி உடைந்துபோயிற்று. ஒரு சிறு முன்பாயின் இழுவையைச் சுக்கானோடு பிணைத்துத்தான் அவர் சிட்னி வரையிலான மீதித் தூரத்தை ஓட்டினார்.

சாதாரணப் பாய்கள்தான் என்றால், சுருட்டும் முன்பாயும் கீழிருந்து இரண்டு மூன்று கட்டமாகக் குறைக்கக்கூடிய பெரும்பாயும் நல்ல சேர்க்கை. ஒரே பெரிய முன்பாயைவிட இரண்டு சிறிய முன்பாய்கள் மேல்; ஒரு நேரத்தில் கைக்கு வரும் விசை பாதியாகிறது. எல்லாக் கயிறுகளையும் ஓட்டும் இடத்துக்கே கொண்டுவருவது பாதுகாப்பு என்பார்கள். சரிதான். ஆனால் வழியில் உள்ள ஒவ்வொரு கப்பியும் கொஞ்சம் விசையைத் தின்னும். நாலு கப்பி தாண்டி வந்த ஆஞ்சானை இழுத்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். மின் வின்ச் இருந்தால் மகிழ்ச்சி; மின்சாரம் போன அன்றும் அதே வேலையைக் கையால் செய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நங்கூரத்துக்கு மட்டும் நான் மின் சுழலியை வற்புறுத்துவேன். 10 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு 2.3 கிலோ, 20 மீட்டர் தொங்கினாலே 46 கிலோ, நங்கூரத்தின் எடை தனி. குனிந்து நின்று அதைத் தூக்கும் முதுகு எழுபதில் யாருக்கும் இருக்காது.

விழுவதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். மணிக்கு 9 கிலோமீட்டரில் ஓடும் படகு பத்து நொடியில் 25 மீட்டர் போய்விடும். தனி ஆள் விழுந்தால் ஆட்டோபைலட் அதைத் தன்பாட்டில் ஓட்டிக்கொண்டே போகும். ஆகவே இடுப்புக் கயிறு, தண்ணீரை எட்டவிடாத அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும். தண்ணீரில் இருந்தபடியே இழுத்து இறக்கக்கூடிய ஏணியும் வேண்டும். உள்ளே அகலமான கூடம் கரையில் கட்டியிருக்கும்போது அழகு. கடலில் அதன் குறுக்கே பறந்துபோய் மோதும் தூரமும் அவ்வளவே அகலம். இடமும் வலமும் கைக்கெட்டும் பிடிகள் உள்ள குறுகிய அறையில் எலும்பு முறிவதற்கான வாய்ப்பு குறைவு.

பலரையும் கலங்கவைப்பது கடலைவிடத் துறைதான். அங்கே ஒரு குட்டைக் கயிறு போதும். படகின் நடு விளிம்பில் கயிறு கட்ட உறுதியான கொம்பு ஒன்று இருக்க வேண்டும். இல்லாத படகுகள் ஏராளம். துறையோரம் வந்ததும் அதிலிருந்து கயிற்றைப் பின்னோக்கிக் கொண்டுபோய்த் துறைமேடையின் கொம்பில் மாட்டி, எஞ்சினை மெதுவாக முன்னோக்கி ஓடவிட்டு, துறையிலிருந்து விலகும் திசைக்குச் சுக்கானைத் திருப்புங்கள். கயிறு படகை உள்ளே இழுக்கும், உந்துவிசிறி தள்ளும் நீர் சுக்கானில் பட்டு அமரத்தையும் உள்ளே ஒதுக்கும். படகு மேடையோடு ஒட்டி நிற்கும். மற்றக் கயிறுகளைச் சாவகாசமாகக் கட்டலாம்.

அளவைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், 28 முதல் 34 அடிக்குள் தேடுங்கள் என்பேன். 2019-ல் 77 வயதில் உலகை இடைநிற்காமல் சுற்றி முடித்த ஜீன் சாக்ரடீஸின் ‘நெரெய்டா’ 38 அடி. ஆனால் அதற்குப் பின்னால் அவருடைய பல ஆண்டுத் தனிப்பயணப் பழக்கம் இருந்தது.

வாங்கும் முன் வெள்ளோட்டத்தில் இதைச் செய்யுங்கள். விற்பவரை எதையும் தொடாமல் ஓரமாக உட்காரச் சொல்லுங்கள். முன்பாயைக் காற்றின் பக்கமாகவே இழுத்துக் கட்டி, அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்பும் வாக்கில் சுக்கானைப் பிணையுங்கள். பாய் அணியத்தை விலக்கப் பார்க்கும், சுக்கான் திருப்பப் பார்க்கும். இரண்டும் ஒன்றையொன்று அடக்க, நல்ல படகு ஓட்டத்தை விட்டுவிட்டு மெல்ல ஒதுங்கியபடி அமைதியாகும். புயலிலும் களைப்பிலும் தனி மாலுமி ஓய்வெடுப்பது இப்படித்தான். அமைதியானதும் கீழே இறங்கி அடுப்பில் ஒரு கெண்டித் தண்ணீர் வையுங்கள். அது கொதித்ததும் மேலே வந்து, காற்றுக்கு அணியம் அதே கோணத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.