மர நாரைப் பிரித்த மின்னூட்டம்

மரத்தை நிமிர்த்தி வைத்திருப்பது செல்லுலோஸ். குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்துக்கொண்ட நீளமான சங்கிலி அது. செல் சுவரில் இந்தச் சங்கிலிகள் பக்கம் பக்கமாக ஒட்டி, ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகி, 3 முதல் 4 நானோமீட்டர் தடிமனுள்ள நுண்ணிழை ஆகின்றன. அப்புறம் கயிறு திரிப்பது போல, இழைகள் கற்றையாகி, கற்றைகள் நாராகின்றன. இதில் படிகமாக இருக்கும் பகுதியின் விறைப்பு எஃகின் விறைப்பில் பாதியைத் தாண்டும். எடையோ ஐந்தில் ஒரு பங்குதான். இந்த நுண்ணிழையைத் தனியே பிரித்தெடுத்தால் அதுதான் நானோசெல்லுலோஸ்.

பிரிப்பதில்தான் சிக்கலே. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் டர்பாக் என்ற ஆய்வாளரின் குழுவினர், பாலில் கொழுப்பைச் சீராகக் கலக்கப் பயன்படும் ஹோமோஜினைசர் இயந்திரத்தில் மரக்கூழை உயர் அழுத்தத்தில் திரும்பத் திரும்பச் செலுத்தினார்கள். இழைகள் பிரிந்து ஜெல் கிடைத்தது. ஆனால் இப்படிச் செய்தால் டன்னுக்கு 20,000 யூனிட்டுக்கு மேலும் மின்சாரம் போகலாம். யார் வாங்குவார்கள்?

வழி காட்டியவர் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் அகிரா இசோகாய். டெம்போ என்ற வினையூக்கியைக் கொண்டு இழையின் மேற்பரப்பை மட்டும் ஆக்சிஜனேற்றம் செய்தார். அங்கே கார்பாக்சிலேட் என்ற அணுத்தொகுதிகள் உருவாகி, ஒவ்வோர் இழைக்கும் எதிர் மின்னூட்டம் வருகிறது. ஒரே மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளும் அல்லவா? தண்ணீரில் லேசாகக் கடைந்தாலே இழைகள் விலகிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் குறைந்தது 400 நானோமீட்டர். இழை அதைவிட மிக மெலிது, ஒளியைச் சிதறடிப்பதில்லை. அதனால் வெள்ளைக் கூழ் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். வேதியியலில் இவ்வளவு அழகான தீர்வு அபூர்வம். இசோகாயும் உடன் உழைத்த சைட்டோ, நிஷியாமா இருவரும் இதற்காக 2015-ல், வனத்துறை சார்ந்த ஆய்வுக்கு ஸ்வீடனில் தரப்படும் மார்கஸ் வாலன்பெர்க் பரிசைப் பெற்றார்கள்.

அதே கார்பாக்சிலேட் தொகுதி உலோக அயனிகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த அயனிகள் நாற்றத்தை அடக்கும் என்பதால், ஜப்பானின் நிப்பான் பேப்பர் குழுமம் முதியோருக்கான டயப்பரில் அயனி ஏற்றிய நானோசெல்லுலோஸைச் சேர்த்தது. மிட்சுபிஷி பென்சில் நிறுவனம் நானோசெல்லுலோஸை ஜெல் பேனா மையில் கலந்தது. பேனா சும்மா இருக்கும்போது மை கெட்டியாக நிற்கும். முனையின் குண்டு உருளும்போது இளகி ஓடும். 2019 டோக்கியோ மோட்டார் கண்காட்சியில், கியோட்டோ பல்கலைக்கழகம் முன்னின்று செய்த, நானோசெல்லுலோஸ் கலந்த பாகங்கள் கொண்ட காரும் வந்தது.

கார்தான் எல்லாரையும் ஈர்த்தது. எனக்கு உணவுப் பொட்டலத்தின் மேல்தான் நம்பிக்கை அதிகம். நெருக்கமாகப் படியும் இந்த இழைப்படலம் ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கிறது. ஈரம் ஏறினால் மட்டும் அந்தத் தடுப்பு தளர்ந்துவிடும். செல்லுலோஸுக்குத் தண்ணீர் மேல் அவ்வளவு ஈர்ப்பு. ஜெல்லிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். அதை வற்றவைத்தால், அரும்பாடுபட்டுப் பிரித்த இழைகள் ஹைட்ரஜன் பிணைப்பால் மறுபடியும் ஒட்டிக்கொள்கின்றன. அப்படியே ஈரமாக அனுப்பினால் லாரி சுமப்பது முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். விலை இறங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.