நேபாளத்துக்குப் போன மெக்கானிக்கும் மஞ்சள் காமாலையும்

தண்டையார்பேட்டையில் பொது மருத்துவராக இருக்கும் நான், வெளிநாட்டில் நிலநடுக்கம் என்ற செய்தி வந்த இரண்டொரு நாளில் யாராவது ஒருவர் அங்கே உதவப் போக உடற்தகுதிச் சான்று கேட்டு வந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 2004 சுனாமியை நேரில் கண்ட காசிமேட்டுக்காரர்களுக்கு அந்தப் பதைப்பு இயல்பானது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளம் குலுங்கியபோது, விசைப்படகு எஞ்சின் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் வந்தார். இந்தியருக்கு அங்கே விசா தேவையில்லை என்பதால் மறுநாளே ரயிலேறப் போவதாகச் சொன்னார். பையில் பிஸ்கட்டும் பழந்துணியும் இருந்தன. டிடி ஊசி போட்டேன். டைபாய்டு தடுப்பூசி பலன் தர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும், அதற்கு அவகாசமில்லை.

இடிபாடுகளுக்கு அருகில் அவரை விடவில்லையாம். அது சரிதான், வெகுநேரம் நசுங்கிக் கிடந்த காலின் மேலிருந்து பாரத்தைத் தூக்கியவுடன், சிதைந்த தசையிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து இதயத்தையே நிறுத்திவிடக்கூடும் என்பதால், தூக்குவதற்கு முன்பே சலைன் ஏற்றத் தெரிந்தவர்கள் அங்கே வேண்டும். மாறாக, நின்றுபோன இரண்டு ஜெனரேட்டர்களை அவர் ஓடவைத்திருக்கிறார். போனதில் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான் என்று அவரே சொன்னார்.

திரும்பிய சில வாரங்களில் கண்கள் மஞ்சளாகி மறுபடி வந்தார். பரிசோதனையில், அசுத்தமான தண்ணீரால் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-ஈ; இதற்கு நம் ஊரில் தடுப்பூசி கிடையாது, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதே வழி. அழைத்துப்போன குழுவினர் குடிநீருக்கு எந்த ஏற்பாடும் செய்திருக்கவில்லை.

நோயை வாங்கி வருவதைவிடக் கொண்டுபோய்க் கொடுப்பது கொடிது. 2010 ஜனவரி நிலநடுக்கத்தில் நொறுங்கிய ஹைதியில், அதே ஆண்டு அக்டோபரில் ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து, அதுவரை அங்கு அறியப்படாத காலரா பரவிக் கிட்டத்தட்ட 10,000 பேர் இறந்தனர். வயிற்றுப்போக்கு இருக்கும்போது கிளம்பத் துடிப்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

2023 பிப்ரவரியில் துருக்கிச் செய்தி வந்ததும் அதே மெக்கானிக் மீண்டும் வந்தார். யார் அழைத்தார்கள், எங்கே தங்குவீர்கள், யாருடைய ஜெனரேட்டர் என்று கேட்டேன். சற்று யோசித்தவர், டைபாய்டு ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு படகுத்துறைக்கே திரும்பினார்.