வேகமான ரூட்டர் வாங்குவதற்கு முன்

குளச்சல் பக்கத்து ஐஸ் ஆலைகள், ரப்பர் பால் கூடங்கள், குடிநீர் மோட்டார் அறைகள் எனக் குமரி மாவட்டத்தில் கம்பியில்லாச் சென்சார்கள் பரவி வருகின்றன. கேபிள் செலவு மிச்சம்; நல்லதுதான். ஆனால் கோளாறு என்று கூப்பிடும் இடங்களில் உரிமையாளர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “இன்னும் வேகமான ரூட்டர் போட்டால் சரியாகுமா, சார்?”

பெரும்பாலும் சரியாகாது. தொட்டியின் நீர்மட்ட அளவு சில பைட்டுகள்தான். அது குறித்த நேரத்தில் வந்து சேர்ந்தால் போதும். ஒரு வைஃபை சேனலில் ஒரு கருவி அனுப்பும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். அதே சேனலில் வினாடிக்குச் சில மெகாபிட் வீதம் அனுப்பும் சிசிடிவி கேமராக்கள் நான்கு இருந்தால், அந்தச் சில பைட்டுகளுக்கு இடம் கிடைப்பதே பாடு. கேமராவை வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கோ கேபிளுக்கோ மாற்றுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 சேனல்களில் ஒன்றைச் சென்சார், மோட்டார் கட்டுப்பாட்டுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

அடுத்து, அனுப்புவதையே குறைக்க வேண்டும். நிரம்புவதற்கு மணிக்கணக்கில் ஆகும் தொட்டியின் அளவை வினாடிக்குப் பத்து முறை அனுப்புவது வீண். மட்டம் குறிப்பிட்ட அளவு மாறினால் அனுப்பட்டும். மாறாவிட்டாலும் நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பட்டும், சென்சார் வேலை செய்கிறது என்று தெரிய. அனுப்ப முடியாமல் தேங்கிய பழைய அளவைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதையே அனுப்ப வேண்டும். பழையதை வரிசையாக மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தால் நெரிசல்தான் கூடும்.

குலசேகரம், அருமனை பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. ரப்பர் மரங்கள் மார்கழி, தை மாதங்களில் இலை உதிர்க்கும். அப்போது பொருத்திய இணைப்பு அருமையாக வேலை செய்யும். பங்குனியில் இலை அடர்ந்து, அதன்மேல் மழையும் பெய்தால் சிக்னல் தேய்ந்துவிடும். நனைந்த இலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை நன்றாக உறிஞ்சும். சிக்னல் தேய்ந்தால் கருவி மெதுவாக அனுப்பும், தவறியதைத் திரும்ப அனுப்பும், நெரிசல் பெருகும். தோட்டத்தைக் கடக்கும் இணைப்புக்கு இந்தியாவில் உரிமம் தேவைப்படாத 865-868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத்தான் நான் பரிந்துரைப்பேன். அதில் கேமரா ஓடாது, நீர்மட்டத்துக்குத் தாராளம். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. சிக்னலை அளப்பதென்றால் மழைநாளில் அளந்து பாருங்கள்.

இத்தனை செய்தாலும் தகவல் சில வேளை வராது. ‘தொட்டி நிறைந்தது’ என்ற செய்தி வராததால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கக் கூடாது. குறித்த நேரத்துக்குள் புதிய அளவு வராவிட்டால் மோட்டார் தானே நிற்கும்படி, அதை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியில் எழுதியிருக்க வேண்டும். ஐஸ் ஆலையில் அம்மோனியா கசிவு எச்சரிக்கைக்கும் அவசர நிறுத்தத்துக்கும் கம்பிதான் வேண்டும். அங்கே மட்டும் செலவைப் பார்க்காதீர்கள்.

வேலையை முடித்து ஒப்படைக்க வருபவரிடம், மோட்டார் ஓடும்போதே சென்சாரின் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லுங்கள். குறித்த நேரத்தில் மோட்டார் நிற்காவிட்டால் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.