அமிலாய்டு: முதுகுத் தசைநாரிலும் இதயத்திலும் படியும் புரதம்

'அமிலாய்டு' என்று மருத்துவர் சொல்லக் கேட்பவர் அதை அமிலம் என்றே எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் இச்சொல்லுக்கும் அமிலத்துக்கும் எந்த உறவும் இல்லை. கிரேக்க மொழியில் 'மூலே' என்பது திரிகைக்கல். 'அமுலோன்' என்பது திரிகையில் அரைபடாதது, அதாவது தானியத்தை அரைக்காமலே பிரித்தெடுத்த மாவுச்சத்து. அதிலிருந்து பிறந்த லத்தீன் சொல்லோடு 'போன்றது' எனப் பொருள்தரும் ஈறு சேர, 'மாவுச்சத்தைப் போன்றது' என்னும் பெயர் அமைந்தது. திசுக்களில் கண்ட ஒருவகைப் படிவு அயோடின் பட்டதும் மாவுச்சத்தைப் போல நிறம் மாறியதால், ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஃபிர்ஷோ 1854இல் அதற்கு இப்பெயரை வழங்கினார். அது மாவுச்சத்தன்று, புரதத்தன்மை உடையது என்று 1859இலேயே ஃப்ரீட்ரைக்கும் கெக்குலேயும் காட்டிவிட்டபோதிலும் பெயர் நிலைத்துவிட்டது.

கல்லீரல் சுரக்கும் டிரான்ஸ்தைரெட்டின் என்னும் புரதம், தைராய்டு சுரப்புநீரையும் வைட்டமின் ஏ-யையும் இரத்தத்தில் சுமந்து செல்வது. நான்கு கூறுகள் இணைந்த இப்புரதம் முதுமையில் சிலருக்குப் பிரிந்து, தன் மடிப்பு வடிவம் பிறழ்ந்து, கரையாத நுண்ணிழைகளாகத் திசுக்களில் தங்குகிறது. இப்படித் தங்குவதும் அமிலாய்டில் ஒருவகையே. மணிக்கட்டிலும், முள்ளெலும்புகளைப் பின்புறத்தில் பிணைக்கும் மஞ்சள் தசைநாரிலும், இதயத் தசையிலும் அது படிவதுண்டு. நம் பக்கத்தில் 'ஜவ்வு' என்னும் ஒரே சொல் தசைநாரையும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டையும் சேர்த்தே குறிப்பதால், 'முதுகு ஜவ்வுக் கோளாறு' என்று கேட்டவுடன் எதுவென்று தெளிவதில்லை. இங்கே பேசப்படுவது தசைநார். அது தடித்தால் தண்டுவடப் பாதை குறுகி, நடக்கும்போது கால் கடுத்து மரத்துப்போகும்; முன்குனிந்தால் சற்றுத் தணியும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தவர் இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். ஃபுளோரைடு மிகுந்த கிணற்று நீரைப் பல்லாண்டு குடித்தவர்க்கு முதுகெலும்புத் தசைநார்களில் கால்சியம் உப்புகள் படிந்து முதுகு இறுகிப்போவதை இப்பகுதி நன்கறியும். அதைத் தடுக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அங்கே படிவது உப்பு, இங்கே படிவது புரதம். நோயும் வேறு, மருத்துவமும் வேறு.

முதுகு நோய் இதயத்தைக் கெடுப்பதில்லை. ஒரே புரதம் ஈரிடத்திலும் படிகிறது, அவ்வளவே. ஆயினும் தசைநாரில் படிவு பல ஆண்டுகள் முன்னதாகவே தெரியக்கூடும் என்பதால் அதை முன்னறிகுறியாகக் கொள்ளலாம். இதயச் சுவர் விறைத்தால் அது விரிந்து இரத்தத்தை ஏற்க இயலாமல் மூச்சுத் திணறலும் கால் வீக்கமும் வரும். இதையே 'இதயச் செயலிழப்பு' என்கிறார்கள். இதயம் நின்றுவிட்டது என்று பொருளன்று, மாரடைப்பும் அன்று. முதியோர் பலரின் தசைநாரில் இப்படிவு காணப்பட்டாலும் அனைவருக்கும் இதயம் பாதிக்கப்படுவதில்லை.

தமிழில் 'மாவொத்தி' என்று நேராகப் பெயர்த்தால் பழைய பிழையையே நாமும் சுமப்போம். பொருளை நோக்கி அமிலாய்டைப் 'படிவுப்புரதம்' என்றும், அதனால் வரும் நோயைப் 'புரதப்படிவு நோய்' என்றும் சொல்வதே தக்கது. எதனால் வந்த நோய் என்பது பெயரிலேயே விளங்கும். அறுவையில் அகற்றிய தசைநாரைக் காங்கோ சிவப்புச் சாயமிட்டு, முனைவாக்கிய ஒளியில் (ஒரே தளத்தில் அதிருமாறு செய்த ஒளி) நுண்ணோக்கியில் நோக்கினால் படிவுப்புரதம் பச்சையாகத் தெரியும். இரு கைகளிலும் மணிக்கட்டு நரம்பு அழுத்தமும் முதுகுப் பாதைக் குறுக்கமும் உள்ள முதியவருக்கு மூச்சு வாங்கினால், எக்கோ என்னும் இதய ஒலியலைச் சோதனையோடு நில்லாமல், சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் படமெடுக்கும் டெக்னீசியம் ஸ்கேனும், வேறுவகைப் படிவுப்புரதத்தை விலக்கும் இரத்த, சிறுநீர்ச் சோதனைகளும் தேவையா என மருத்துவரிடம் கேட்க வேண்டும். டஃபமிடிஸ் போன்ற மருந்து டிரான்ஸ்தைரெட்டினின் நான்கு கூறுகளும் பிரியாமல் பிணைத்துப் புதிய படிவைக் குறைக்குமே தவிர, முன்பே படிந்ததைக் கரைப்பதில்லை.