விருது வாங்கியும் தீராத சந்தேகம்

ஹாலிவுட் நடிகை ஜோடி ஃபாஸ்டர் 1989-ல் முதல் ஆஸ்கரை வாங்கினார். அது ஏதோ தவறுதலாக வந்துவிட்டது, வீடு தேடி வந்து திருப்பிக் கேட்பார்கள் என்று நினைத்ததாகப் பின்னால் ஒரு பேட்டியில் சொன்னார். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் ஆஸ்கர் வென்ற டாம் ஹாங்க்ஸும், தான் போலி என்பது எப்போது வெளிப்படுமோ என்ற பயத்தைப் பற்றி 2016-ல் பேசினார். மனநல ஆலோசனைக்கு என்னிடம் வரும் நடிகர்களும் இயக்குநர்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார்கள்.

சாதித்த பெண்களிடம் இந்த எண்ணத்தைக் கவனித்து, பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978-லேயே எழுதினார்கள். ஆண்களுக்கும் இது உண்டு என்பது பிறகு தெரிந்தது. நோய் என்று இதைச் சொல்வதில்லை. ஜெயித்தால் அதிர்ஷ்டம், தோற்றால் மட்டும் ‘என் லட்சணம் இதுதான்’ என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது.

சினிமாவில் இப்படி நினைப்பதற்கு இடமும் அதிகம். ஓர் அழுகைக் காட்சி நன்றாக வந்திருக்கிறது. அது நடித்தவருடையதா, சரியான டேக்கை எடுத்துவைத்த எடிட்டருடையதா, பின்னணி இசையுடையதா? யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இத்தனை பேர் உழைப்பை நம்பி நிற்கும் இயக்குநருக்கு இன்னும் குழப்பம். புகழ் வந்த பிறகு சுற்றியிருப்பவர்கள் குறை சொல்வதை நிறுத்திவிடுகிறார்கள். குறையே சொல்லாதவர் பாராட்டினால் அதை எப்படி நம்புவது?

அதனால் ‘நீங்க பிரமாதம்’ என்று சொல்லித் தேற்றுவது பெரும்பாலும் பலிப்பதில்லை. ‘அந்த வசனத்துக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினீர்களே, அதுதான் காட்சியைத் தூக்கியது’ என்று குறிப்பாகச் சொல்லுங்கள், அது உள்ளே போகும். என்னிடம் வருகிறவரிடம், படப்பிடிப்பு முடிந்த அன்றே, தான் எடுத்த முடிவுகளை மட்டும் எழுதிவைக்கச் சொல்கிறேன். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த முடிவுகள் அவருடையவை.

சந்தேகம் இருப்பது வேறு, அது ஆளை முடக்குவது வேறு. ஆங்கிலேய நடிகர் லாரன்ஸ் ஒலிவியே புகழின் உச்சியில் இருந்த 1960-களில்தான் மேடை பயத்தால் தவித்தார். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, குடிக்காமலோ மாத்திரை போடாமலோ கேமரா முன் நிற்க முடியவில்லை, பயந்து வாய்ப்புகளைத் தட்டிக்கழிக்கிறீர்கள் என்றால் உதவி தேடுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே தேடுங்கள். விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று அஞ்சி வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் தவிர, நீங்கள் பேசுவதை வெளியே சொல்லாமல் காப்பது எங்கள் கடமை. அந்தச் சூழல்கள் எவை என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.