டெராபைட்டை மட்டும் எண்ணி சேர்வர் வாங்காதீர்கள்

செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு), பிறப்புப் பதிவு, சேமலாப நிதிப் பத்திரம் என்று மலையகத் தோட்டத்துப் பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து சேமிக்க முன்வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை டெராபைட் வாங்க வேண்டும் என்பதே. எத்தனை கோப்புகள் சேரும் என்று எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைத் தவறவிட்ட இன்னொரு நிறுவனம் சென்ற வாரம் என்னை அழைத்ததால் இதை எழுதுகிறேன்.

அவர்களுடைய 20 டெராபைட் சேமிப்பகத்தில் பத்தில் ஒரு பங்குகூட நிறையவில்லை. ஆனாலும் ஸ்கேனர் அனுப்பிய ஒவ்வொரு பக்கத்தையும் சேர்வர் "இடம் இல்லை" என்று திருப்பிக்கொண்டிருந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒவ்வொரு கோப்பின் அளவு, திகதி, உரிமை, டிஸ்க்கில் அது இருக்கும் இடம் ஆகியவற்றைக் குறித்துவைக்க ஐநோட் என்ற பதிவு ஒன்று வேண்டும். ஸ்கேன் கோப்புகள் பெரியவை என்று ஊகித்து, சேர்வரை அமைத்தவர் 4 மெகாபைட்டுக்கு ஓர் ஐநோட் என்று ஃபோர்மட் செய்திருந்தார். 20 டெராபைட்டுக்கு அது ஏறத்தாழ 48 இலட்சம். ஒரு பக்கத்துக்கு மூலப் படம், சிறுபடம், உரை, விவரக் கோப்பு என நான்கு கோப்புகள் உருவானதால் 12 இலட்சம் பக்கங்களோடு ஐநோட்கள் தீர்ந்துவிட்டன.

டிஸ்க் காலியாக இருப்பதும் புதிய கோப்புக்கு இடமிருப்பதும் இருவேறு கணக்குகள். தயவுசெய்து இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இன்னும் 20 டெராபைட் சேர்த்தால் சரியாகிவிடாதா என்று அங்கும் கேட்டார்கள். அதே தொகுதியை விரிவாக்கினால் விகிதமும் அதேதான். மேலும் 12 இலட்சம் பக்கங்களில் மறுபடி நிற்கும். அனைத்தையும் வேறிடத்துக்கு நகலெடுத்து, மறுபடி ஃபோர்மட் செய்வதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. ஐநோட்களைத் தேவைக்கேற்ப ஒதுக்கும் எக்ஸ்எஃப்எஸ் முறைமையைத் தொடக்கத்திலேயே தெரிவுசெய்திருந்தால் இந்த அலைச்சல் நேர்ந்திராது.

பல சேர்வர்களில் விரியும் அமைப்புகளிலும் இதே கணக்குத்தான் முதலில் வரவேண்டும். ஹடூப் என்ற மென்பொருளின் கோப்பு முறைமையான எச்டிஎஃப்எஸ்ஸில் கோப்புகளின் பட்டியல் முழுவதும் நேம்நோட் சேர்வரின் நினைவகத்தில் இருக்கிறது. ஒரு கோப்புக்கும் அது பிரித்துச் சேமிக்கப்படும் ஒவ்வொரு துண்டுக்கும் (பிளொக்) தலா 150 பைட் என்பது வழக்கமான மதிப்பீடு. ஒரே பிளொக் கொண்ட ஒரு கோடிக் கோப்புகளுக்கு 3 ஜிகாபைட் நினைவகம் போய்விடும்; கோப்புகள் எவ்வளவு சிறியவையாக இருந்தாலும் அது குறையாது. பல சேர்வர்களை ஒரே சேமிப்பகமாக்கும் செஃப் மென்பொருளை அமைத்தால், கோப்புகளைப் பற்றிய விவரங்களான மெட்டாடேட்டாவை வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்கில் வையுங்கள். அமைப்பின் நிலையைக் கண்காணிக்கும் அதன் மொனிட்டர் நிரல்களை 3 அல்லது 5 என ஒற்றை எண்ணில் வையுங்கள்.

விவரங்களைப் பக்கத்துக்கு ஒரு கோப்பாக எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தோட்டம், டிவிசன், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றை ஒரு தரவுத்தளத்தில் வைத்தாலே அந்த நிறுவனத்தின் கோப்புகளில் கால்பங்கு குறைந்திருக்கும். அந்தத் தரவுத்தளத்தையும் நாள்தோறும் நகலெடுக்க வேண்டும். ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவைக் காக்கும் ரெய்ட் அமைப்பு இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். தவறுதலாக அழித்த கோப்பை ரெய்டும் அதே கணத்தில் அழித்துவிடும்.

நகல் அதே கட்டடத்தில் இருந்தால் போதாது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடிமின்னல் நம் மலைகளில் வழமை; 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயன்களையே மண்சரிவு மூடியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அந்த வசிப்பைக் காட்டும் தோட்டப் பதிவேடு ஒன்று தொலைந்தால் ஒரு குடும்பத்தின் சான்று தொலையலாம். ஹட்டனில் சேர்வர் வைத்தால் ஒரு நகலைக் கொழும்பிலாவது வையுங்கள்.

விலைமனு கோருமுன் ஒரே ஒரு பெட்டி ஆவணத்தை முழுமையாக ஸ்கேன் செய்து, உருவான கோப்புகளை எண்ணி, சராசரி அளவைக் கண்டு, மொத்தப் பெட்டிகளால் பெருக்கி, அந்த எண்ணிக்கையை இருமடங்காக்கி விற்பவரிடம் எழுத்தில் கொடுங்கள். ஏற்கெனவே சேர்வர் இயங்குகிறதென்றால், டிஎஃப் கட்டளையை ஐ என்ற தெரிவுடன் (df -i) இன்றே இயக்கிப் பாருங்கள். ஐநோட் பயன்பாடு 80 வீதத்தைத் தாண்டியிருந்தால், ஸ்கேன் பணியை நிறுத்திவிட்டு, கோப்புகளை எங்கே மாற்றுவது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்.